டெம்பரறி ஆக்கள்

போன கிழமை நம் பழைய வகுப்புக்காரரின் வட்சப் குழுவில் ஒருத்தி கேள்வி போட்டிருந்தாள். பெயர் வேண்டாம், கனடாக்காரி என்று வைத்துக்கொள்ளுங்கள். "எங்கட வகுப்பில டெம்பரறி எண்டு கொஞ்சப் பேர் இருந்தவை, ஞாபகம் இருக்கோ?" பக்கத்தில் சிரிக்கிற முகம் மூன்று. அதற்குக் கீழே நீங்கள் எல்லாரும் வரிசையாக வந்து சிரித்தீர்கள். நான் மட்டும் வாய் திறக்கவில்லை. "இவவுக்கு எல்லாம் மறந்துபோச்சுப் போல" என்று ஒருவர் நக்கல் வேறு. மறக்கவில்லை ஐயா. மறக்கக் கிடைத்திருந்தால் நல்லாய் இருந்திருக்கும். இதை வாசித்துவிட்டுச் சிரிக்க முடிந்தால் திரும்பவும் சிரியுங்கள்.

நம் குடியேற்றத் திட்டம் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்தது. நம் தகப்பன்மார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அரசாங்கக் காணிக்குப் பேர்மிட் எடுத்து, வயலும் மேட்டுக்காணியுமாகக் குந்தினவர்கள். நமக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டங்களில் பஞ்சம் வந்தது. அங்கே கொழுந்து பறித்த சனம் பசியோடு லொறி ஏறி வந்து நம் வயல்களில் கூலிக்கு இறங்கியது. கொட்டில் போட இடம் கேட்டார்கள். நம் வேலிக்குப் பின்னால் கிடந்த அரசாங்கக் காட்டைக் காட்டினோம். வெட்டினார்கள். வெட்டி முடிந்த பிறகுதான் அது காடு இல்லை, காணி என்று நம் ஆட்களுக்கு விளங்கியது.

அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லை. பெரிய வாத்தியார் நல்ல மனுசன், திருப்பி அனுப்பவில்லை. "பத்திரம் வரட்டும், அதுமட்டும் டெம்பரறி அட்மிஷன்" என்றார். வரவு இடாப்பில் நம் பெயர்கள் நீல மையில் இருந்தன. அவர்களுடைய பெயர்கள் கடைசிப் பக்கத்தில், பென்சிலில். விரல் பட்டுப் பட்டு அழிந்துபோக, தவணைக்கு ஒருமுறை திரும்ப எழுதுவார். சில பெயர்களை எழுத மறந்தும் போனார். அந்தப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள், ஆனால் அவர்களை யாரும் கூப்பிடவில்லை.

அந்த வருடம் ஒருவன் ஒரு பிள்ளையைத் 'தோட்டக்காட்டான்' என்று கூப்பிட்டு, பெரிய வாத்தியாரிடம் பூவரசங்கம்பால் ஆறு வாங்கினான். அவன் இப்போதும் இந்தக் குழுவில் இருக்கிறான், தினமும் பூப்படத்தோடு காலை வணக்கம் போடுகிறான். அன்றைக்கே நமக்கு அடி வாங்காமல் திட்ட ஒரு சொல் தேவைப்பட்டது. அதை வாத்தியாரே தந்திருந்தார். இங்கிலீஷ் சொல். அதைச் சொன்னால் எந்த வாத்தியார் அடிப்பார்? பள்ளிக்கூடத்தில் தருகிற பணிஸ் குறைந்தால் டெம்பரறிக்குப் பாதி. கிளித்தட்டு விளையாட்டில் டெம்பரறி தொட்டால் கணக்கில்லை, ஒப்புக்குச் சப்பாணிதான். யாருடைய தலையிலாவது பேன் கண்டால் அது டெம்பரறிப் பேன். ஐயோ, எவ்வளவு சிரித்தோம்!

வீடுகளிலும் அந்தச் சொல் சுணங்காமல் நுழைந்தது. என் அம்மா குசினிக்கு வெளியே ஓர் அலுமினியப் பேணியைக் கவிழ்த்து வைத்திருந்தார். பேணியின் விளிம்பில் ஒரு நெளிவு. வேலைக்கு வருகிறவர்களுக்கு அதில்தான் தண்ணீர். "டெம்பரறிப் பேணியை எடுத்துக் குடு பிள்ளை" என்பார். அம்மாவுக்கு இங்கிலீஷ் ஓர் எழுத்துத் தெரியாது. தேவையும் இருக்கவில்லை. இங்கிலீஷ்காரனுக்கு அந்தச் சொல் காலத்தைச் சொல்லியது, நமக்கு ஆளைச் சொல்லியது. கொட்டிலில் பத்து வருடம் இருந்தாலும் அவர்கள் டெம்பரறி. நேற்று வந்து இறங்கிய என் சித்தப்பா டெம்பரறி இல்லை.

இனி அவளைப் பற்றி. அவளைச் சிநேகிதி என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை, அதனால் அவள் என்றே சொல்கிறேன். என் வயது, என் வகுப்பு, பென்சில் பெயர். அவளுடைய கொட்டில் எங்கள் மேட்டுக்காணியின் பின்வேலிக்கு அப்பால், வாய்க்கால் கரையில் இருந்தது. தாயும் தகப்பனும் எங்கள் வயலில் வேலை. அவளுடைய தாய் போடும் தேத்தண்ணீரை நினைத்தால் இப்போதும் நாக்கில் கசப்பும் இனிப்பும் வருகிறது. கறுப்பாக, கொதிக்கக் கொதிக்க ஊற்றி, ஒரு துண்டுச் சர்க்கரையை உள்ளங்கையில் வைப்பார். நக்கி நக்கிக் குடிக்க வேண்டும். அந்த வீட்டில் காது உடையாத கோப்பை ஒன்றுதான் இருந்தது. அதைச் சீலைத் தலைப்பால் துடைத்து எனக்குத் தருவார். "குடி கண்ணு, வீட்ல சொல்லாத" என்பார். ஏன் சொல்லக்கூடாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நம் திட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்ததை நீங்கள் மறந்திருப்பீர்கள். கொட்டில்காரர் வாழை வைக்கலாம். மரவள்ளி, மிளகாய், கத்தரி வைக்கலாம். தென்னை, மா, பலா வைக்கக்கூடாது. வாழை வெட்டினால் போயிற்று. தென்னை நின்றால் வைத்தவனுக்கு உரிமை வந்துவிடும். காணிக் கந்தோர்ப் பாரத்தை நிரப்பும்போது மூன்று விஷயம் கேட்பார்கள்: வீடு, கிணறு, பயன்தரு மரம். கொட்டில் வீடென்று எண்ணப்படாது. கிணறு வெட்ட நம் ஆட்கள் விடவில்லை. மிச்சம் மரம்தான். அதனால் என் அப்பா மாதத்துக்கு ஒருமுறை பின்வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். மாங்கன்று ஒன்று தானாய் முளைத்திருந்தாலும் அவளுடைய தகப்பனைக் கூப்பிட்டு அவர் கையாலேயே பிடுங்க வைப்பார்.

அந்தப் பங்குனியில், காலபோக நெல்வெட்டு முடிந்த கையோடு, காணிக் கச்சேரி வைக்கப் போகிறார்கள் என்று ஊர் விதானை வந்து சொன்னார். காணி கேட்பவர்களையும் மறுப்புச் சொல்பவர்களையும் கூப்பிட்டு விசாரித்து முடிவு சொல்கிற கூட்டம் அது. அதற்கு முதல் உத்தியோகத்தர் வந்து காடு வெட்டியிருக்கிறவர்களின் இடங்களைப் பார்ப்பாராம். இருக்கிற எண்ணத்தோடு இருக்கிறவர்களுக்குப் பேர்மிட் கிடைக்குமாம். கொட்டில்களில் சனம் சாணி கரைத்து மெழுகத் தொடங்கியது.

இரண்டு நாள் கழித்து, ஒரு பின்னேரம், அவள் என் கையைப் பிடித்து மரவள்ளிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். மரவள்ளி எங்கள் தலைக்கு மேல் நின்றது. நடுவில், வெளியே இருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், மூன்று தென்னம்பிள்ளைகள். என் நெஞ்சுயரம். ஓலை அப்போதுதான் பிரியத் தொடங்கியிருந்தது.

"ஏ புள்ள, ஒனக்கு மட்டுந்தான் காட்டுறேன். சாமி சத்தியமா யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

"எப்ப வைச்சது?"

"ரெண்டு வருசம் ஆச்சு. குழிக்குள்ள உப்புப் போட்டு வச்சோம். அந்த மாசம் பூரா உப்பில்லாத சோறுதான் தின்னோம். ஆபீசர் இத பாத்துட்டா எங்கள யாரும் போகச் சொல்ல முடியாதுன்னு அப்பா சொன்னாரு."

மரவள்ளியை அவர்கள் ஓரத்து வரிசையில் மட்டும் கிளப்பி, நடுவைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள். கிழங்கு முற்றி வேராய்ப் போனாலும் விட்டிருக்கிறார்கள், தென்னை மறைய வேண்டும் என்பதற்காக. அவள் ஓர் ஓலையைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "அப்புறம் நீங்கள்லாம் என்னைய டெம்பரறின்னு கூப்புட மாட்டீங்கல்ல?"

"மாட்டன்" என்றேன். சத்தியமும் பண்ணினேன்.

அந்தச் சத்தியம் அன்று இரவுச் சாப்பாடு வரைக்கும் இருந்தது. ஏன் சொன்னேன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். ஒரு கோபமும் இல்லை, பொறாமையும் இல்லை. எனக்கு ஒரு புதினம் தெரிந்திருந்தது, அப்பாவுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். சொன்ன உடனே அப்பா சோற்றுக் கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தார். ஏச்சு விழும் என்று நினைத்தேன். ஏசவில்லை. பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

"அந்தக் காணி ஆருக்கெண்டு தெரியுமோ பிள்ளை? உன்ர சீதனத்துக்கெண்டெல்லோ நான் பாத்து வைச்சிருக்கிறன்."

அம்மா சட்டியைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "பாவமப்பா. அதுகள் எங்க போறது?"

"டெம்பரறி ஆக்களுக்கு எங்க போனாலும் ஒண்டுதான்." பிறகு அப்பா செம்பை எடுத்துக் கை கழுவினார். கழுவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "மாடு பூந்து திண்டால் ஆரை ஆர் என்ன சொல்லுறது" என்றார்.

என்னைப் பார்க்கவில்லைத்தான். ஆனால் எனக்கு விளங்கியது. என்னைப் பெரிய ஆள் போல இருத்தி வைத்துக் கதைத்தது அதுதான் முதல் தடவை. 'என்ர காணி' என்று படுக்கையில் கிடந்து வாய்க்குள்ளே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நல்ல நித்திரை வந்தது.

உத்தியோகத்தர் வருவதற்கு முதல் நாள் மத்தியானம். பள்ளிக்கூடம் விட்டு இரண்டு பேரும் சேர்ந்துதான் வந்தோம். அவள் கொட்டிலுக்குள் போய் வயலில் நின்ற தாய் தகப்பனுக்குச் சோற்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வேலியில் இருந்த தடிப் படலையைச் சாத்தினாள். சோற்றுச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டே கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, இழுத்தும் பார்த்தாள். இதை என் கண்ணால் கண்டேன். தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் வாய்க்கால் வளைவில் மறையும்வரை நின்றேன். பிறகு கயிற்றை அவிழ்த்தேன். எங்கள் பட்டியில் நின்ற ஏழு மாட்டையும் ஒரு நாம்பன் கன்றையும் சாய்த்துக்கொண்டு வந்து உள்ளே விட்டேன். மாடுகள் மரவள்ளியை முறித்துக்கொண்டு நடந்தன. தென்னம்பிள்ளையில் வாய் வைத்த பிறகு மற்றதெல்லாம் அவற்றுக்கு மறந்துபோயிற்று. இரண்டு பிள்ளையை அடிவரை சப்பித் துப்பின. மூன்றாவதை மாடு தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். தொடுகிற எண்ணமே அவற்றுக்கு இல்லை. நானே போய்க் குருத்தை இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி, திருகி இழுத்தேன். ஒரு சத்தத்தோடு கழன்று வந்தது. அடி வெள்ளை வெளேரென்று இருந்தது. கடித்துப் பார்த்தேன். இனித்தது. முழுவதும் தின்றேன்.

அடுத்த நாள் ஜீப்பில் உத்தியோகத்தர் வந்தார். விதானை குடை பிடித்தார். அப்பா சால்வை போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். மிதிபட்ட மரவள்ளிக்கு நடுவே அவளுடைய தகப்பன் குந்தியிருந்து, சப்பித் துப்பிய அடிகளைச் சுற்றி மண் அணைத்துக்கொண்டிருந்தார். உத்தியோகத்தரைக் கண்டதும் எழும்பிக் கும்பிட்டார்.

"நேத்து மத்தியானம் வரைக்கும் இருந்துச்சுங்க ஐயா. மூணு பிள்ளைங்க. இந்தா, அடி கெடக்கு பாருங்க. தழைச்சிரும் ஐயா."

"நிக்கிறதைத்தான் நான் எழுதலாம்" என்றார் உத்தியோகத்தர். கெட்டவர் இல்லை. குரலில் ஒரு கஷ்டம் இருந்தது. அப்பா பக்கம் திரும்பி, "நீங்கள் அயலவன், என்ன சொல்லுறியள்?" என்று கேட்டார்.

"இருக்கிற எண்ணமெண்டால் வேலி படலையை ஒழுங்கா வைச்சிருப்பினம் ஐயா. இவை டெம்பரறி ஆக்கள். மழை கண்டால் வருவினம், வெயில் கண்டால் போவினம்."

"அப்ப டெம்பரறி எண்டு போடட்டோ?"

"ஓம் ஐயா, அப்பிடியே போடுங்கோ."

அவளுடைய தகப்பன் இரண்டு பேரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் அந்த ஓர் இங்கிலீஷ் சொல் நன்றாகத் தெரியும். காணிக் கச்சேரி அதற்குப் பிறகு நடந்தது. அப்பா போய் மறுப்புச் சொன்னார். ஆனால் விஷயம் அன்று அந்த வெயிலில், அந்தப் பாரத்தில் முடிந்துவிட்டது.

பச்சை மரவள்ளி இலை மாட்டுக்கு நஞ்சு என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் நாம்பன் கன்று வயிறு ஊதிச் செத்துப்போனது. "உங்கட மரவள்ளி திண்டுதான் என்ர கன்று செத்தது" என்று அப்பா நின்ற நிலையில் கத்தினார். பிறகு மண்வெட்டியைக் கொடுத்தார். அவளுடைய தகப்பன் கிடங்கு வெட்டிக் கன்றை மண் போட்டுத் தாட்டார். வேலை முடிய அம்மா அந்த நெளிந்த பேணியில் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

கொட்டிலில் அடி விழுந்தது. கடைசியாகப் படலையால் வந்தவள் அவள்தானே. விறகுக் கட்டையால் தாய் அடித்ததை நான் பின்வேலியில் நின்று பார்த்தேன். முதல் நாள், "நான் கட்டுனேம்மா, சத்தியமா கட்டுனேன்" என்று அலறினாள். அடுத்த நாளும் அதையேதான் சொன்னாள், சத்தம் மட்டும் குறைந்திருந்தது. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் என்னிடம் மெல்லக் கேட்டாள்: "புள்ள, நீ பாத்துக்கிட்டுத்தானே நின்ன. நான் கட்டுனேனா?"

"நான் கவனிக்கேல்லை" என்றேன்.

அன்று பின்னேரம் தாயிடம் போய், "மறந்துட்டேம்மா" என்று ஒத்துக்கொண்டாள். அடி நின்றது.

அதைச் சொன்ன பிறகு அவளுக்கு அது உண்மையாகவே ஆகிவிட்டது. ஒரு பிள்ளை தன் கையால் போட்ட முடிச்சை மறக்கிறதை நான் மூன்றே நாளில் பார்த்தேன். அவர்களுக்குக் கொக்கிளாய் போகிற பக்கம், கடற்கரைக் காட்டோரத்தில் வேறு இடம் காட்டினார்கள். போகிற அன்று காலையில் எங்கள் குசினிப் பக்கம் வந்து நின்றாள். கை வீங்கியிருந்தது. அம்மாவைப் பார்த்து, "அம்மா, ஐயாகிட்ட சொல்லுங்க, எங்கப்பா மேல தப்பு இல்ல. நான்தான் படலைய கட்டல" என்றாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். குருத்துத் தின்ற என் வாயை அம்மா அன்றே மோந்து பார்த்திருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. "சரி பிள்ளை, போயிட்டு வா" என்றார்.

இடாப்பில் அவளுடைய பெயரை அழிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அடுத்த தவணை வாத்தியார் திரும்ப எழுதவில்லை, அவ்வளவுதான். நீங்கள் ஒருவரும் அவளைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

காணி எனக்குச் சீதனமாக வந்தது. பிறகு நமக்கும் வந்தது நம் பங்கு. யுத்தத்தில் இடம்பெயர்ந்து, தறப்பாள் கொட்டிலில் கிடந்த நாளில், பதிய வந்த பெடியன் ஒருவன் எங்களையும் அப்படி எழுதப் போனான். என் அம்மா, அந்தக் கிழ வயதில், வரிசையை விட்டு வெளியே வந்து சண்டைக்கு நின்றார். "எங்களை டெம்பரறி எண்டு எழுதாதேங்கோ தம்பி. எங்களுக்குப் பேர்மிட் இருக்கு." எனக்கு அம்மாவின் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. பொத்தவில்லை. எனக்கும் அந்தப் பெடியன் மேல் கோபம்தான் வந்தது, வெட்கக்கேடு.

இரண்டு மாதத்துக்கு முதல் சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போயிருந்தேன். காத்திருக்கிற வாங்கில் பக்கத்தில் இருந்த ஒரு மெலிந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை முழுதும் வெள்ளை. "நீங்க வாய்க்கா பக்கத்து ஐயா வீட்டுப் புள்ளதானே?" என்றாள். அவள்தான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அப்படிச் சந்தோஷப்பட்டாள், பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என் அம்மாவைக் கேட்டாள், அப்பாவைக் கேட்டாள். செத்துப்போனார்கள் என்றதும் அவளுக்குக் கண் கலங்கியது.

"உம்மட அப்பா?" என்று நானும் கேட்க வேண்டித்தானே இருந்தது.

"அந்தக் காட்டுக்குப் போயி ரெண்டாவது வருசமே ஆமிக்காரங்க சுட்டுட்டாங்க. பொணத்தக்கூடத் தரல. அம்மா சாகுற வரைக்கும் எங்கூட நல்லாப் பேசல." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "நான் மட்டும் அன்னைக்கு அந்தப் படலைய கட்டியிருந்தா நாங்க அங்கனயே இருந்திருப்போம். எங்கப்பா இருந்திருப்பாரு. இன்னைக்கும் வெளிய போகையில கதவ நாலு தடவ இழுத்துப் பாக்குறேன். பேரப்புள்ளைங்க சிரிக்குதுங்க."

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வேண்டுமா? அரை நிமிசம் போதும். 'நீ கட்டினனீ, நான்தான் அவிழ்த்தனான்.' வாய் வரைக்கும் வந்தது. அவள் என்னை அடித்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். ஆனால் அவள் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிடி போய்விடும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

"பழைய கதை, விடும்" என்றேன். "சின்னப்பிள்ளையள் மறக்கிறதுதானே."

அவள் தலையாட்டினாள். "அந்த எடத்துல இப்ப யாருங்க இருக்காங்க?"

"தெரியாது" என்றேன்.

அப்போது மருத்துவத் தாதி நம்பர் கூப்பிட்டார். அவளுடைய நம்பர். எனக்கு முன்னால் இன்னும் இருபது பேர் இருந்தார்கள். அவள் என் காலைக் குனிந்து பார்த்தாள். "கால் இப்பிடி வீங்கியிருக்கே, எம்புட்டு நேரம் ஒக்காருவீங்க? நீங்க முதல்ல போங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று தன் நம்பர்த் துண்டை என் கையில் வைத்து மூடினாள்.

நான் அதை வாங்கிக்கொண்டு எழும்பி உள்ளே போனேன்.